தெற்கு டிரோல்: முகமூடி, நெருப்பு, ஆடு, வாய்க்கால்

"வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் தெற்கு டிரோல் மாகாணத்துக்குப் பத்து நாள் போகலாம் என்றிருக்கிறேன். மாதம் இன்னும் முடிவாகவில்லை. கொம்பு வைத்த முகமூடிக்காரர்கள், மலையுச்சியில் நெருப்பு, பூச்சூடிய மாடுகள் என்று வீடியோவில் நிறையப் பார்த்துவிட்டேன். இதில் எது ஊர்க்காரர்கள் தங்களுக்காகச் செய்வது, எது சுற்றுலாவுக்குப் போடும் வேஷம்? கோட்டை, தேவாலயம் என்று எதைத் தவறவிடக்கூடாது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதில்: நேரம் குறைவு என்றால் மேற்கே இருக்கும் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கையும், கிழக்கே லாடின் மொழி பேசும் பாடியா பள்ளத்தாக்கையும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவை அதற்கப்புறம். கோட்டைகள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைத்தால் கடைசியில் எதுவும் மனதில் நிற்காது.

நிஜம், வேஷம் என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் வரலாறு தேவை. அது தெரியாமல் போனால், தோல் கால்சட்டையும் இறகு குத்திய தொப்பியும் வெறும் விழாக்கால உடையாகத்தான் தெரியும்.

1919 வரை இந்தப் பகுதி ஆஸ்திரியாவின் டிரோலைச் சேர்ந்தது. முதல் உலகப் போரில் ஆஸ்திரியா தோற்றதும், பிரென்னர் கணவாய்க்குத் தெற்கே இருந்த பகுதி ஒப்பந்தப்படி இத்தாலியிடம் போயிற்று. முசோலினியின் ஆட்சி ஜெர்மன் பள்ளிகளை மூடியது, ஊர்ப் பெயர்களையெல்லாம் இத்தாலிய மொழியில் மாற்றியது, மரபான ஊர்க்காவல் படைகளான ஷூட்சன் அமைப்புகளைத் தடை செய்தது. அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு வீட்டு அறைகளிலும் வைக்கோல் கொட்டகையிலும் ரகசியமாக ஜெர்மன் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். பிடிபட்ட ஆசிரியைகள் சிறைக்குப் போனார்கள். 1939-இல் ஹிட்லரும் முசோலினியும் சேர்ந்து இன்னொரு காரியம் செய்தார்கள்: மொழியைக் காப்பாற்ற வேண்டுமா, ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்துவிடு, ஊர்தான் வேண்டுமா, இத்தாலியனாக மாறிவிடு என்றார்கள். பெரும்பான்மையோர் போவதாக எழுதிக்கொடுத்தார்கள். ஏறக்குறைய 75,000 பேர் உண்மையிலேயே போனார்கள். போகிறோம் என்றவர்களும் இருப்போம் என்றவர்களும் ஒரே குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்த கதைகள் அங்கே ஏராளம்.

1972-இல் வந்த இரண்டாவது தன்னாட்சிச் சட்டத்துக்குப் பிறகுதான் நிலைமை தணிந்தது. 2011 கணக்கெடுப்பில் தங்களை ஜெர்மன் மொழிக்குழு என்று பதிந்தவர்கள் 69 சதவீதம், இத்தாலியர் 26, லாடின் 4.5 சதவீதம். ஆகவே எந்த ஊருக்கும் குறைந்தது இரண்டு பெயர் உண்டு. கீழே பெரும்பாலும் ஜெர்மன் பெயர்களையே எழுதுகிறேன். தலைநகர் போல்சானோவும் மெரானோவும் அப்படியே இருக்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அங்கே ஒரு நெருப்பு மூட்டுவதுகூட அரசியல் இல்லாத காரியம் அல்ல. இயேசுவின் திரு இருதய நெருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1796-இல் நெப்போலியனின் படை நெருங்கியபோது, டிரோலின் பிரதிநிதிகள் போல்சானோவில் கூடி, நாட்டைத் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுப்பதாக நேர்ந்துகொண்டார்கள். அந்த நேர்த்தியின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தையொட்டி, பெந்தெகொஸ்தே (ஈஸ்டரிலிருந்து ஏழாம் ஞாயிறு) கழிந்து மூன்றாவது ஞாயிறு இரவு, மலைமுகடுகளில் நெருப்பு எரியும். சிலுவை வடிவிலும் இருதய வடிவிலும்கூட மூட்டுவார்கள். ஊர் இளைஞர்கள் விறகைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் ஏறுவார்கள். 1961-இல் இதே இரவில்தான் தெற்கு டிரோலின் விடுதலை கேட்ட ஒரு குழு, மாகாணமெங்கும் மின்கோபுரங்களைக் குண்டு வைத்துத் தகர்த்தது. 'நெருப்பு இரவு' என்றால் இன்றைக்கும் அங்கே அந்த இரவுதான். பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்க்கும் உங்களுக்கு அது அழகு. பக்கத்தில் நிற்கும் முதியவருக்கு அது என்னவென்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

சரி, வின்ஷ்காவுக்கு வருவோம். மெரானோவிலிருந்து மேற்கே மால்ஸ் வரை ரயில் போகிறது. 1906-இல் திறந்து 1990-இல் மூடிய பாதை. மாகாண அரசு அதை மீட்டு 2005-இல் மறுபடி ஓடவிட்டது. கார் தேவையில்லை.

இந்தப் பள்ளத்தாக்கின் விசேஷம் அதன் வறட்சி. ஆல்ப்ஸ் என்றதும் மழையும் பச்சையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இருபுறமும் உயர்ந்த மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் இங்கே ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்கிறது. தெற்கு பார்த்த சரிவுகளில் வெறும் காய்ந்த புல்தான் வளரும். அதனால் பனியாற்று நீரை மலையிடுக்கிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். பாறை குறுக்கிட்ட இடங்களில் மரத்தொட்டிகளைச் செங்குத்துச் சுவரில் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கடத்தினார்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு காவல்காரர் உண்டு. மடை திறப்பது, அடைப்பு எடுப்பது, யாருக்கு எந்த மணியிலிருந்து எந்த மணி வரை தண்ணீர் என்று முறை பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நம்மூரில் கண்மாய்த் தண்ணீருக்கு நீர்பாய்ச்சி எப்படியோ அப்படி.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது மணி. ஓடும் தண்ணீரில் ஒரு சிறு சக்கரம் சுழலும், அது ஒரு சுத்தியலைத் தூக்கித் தூக்கிப் போடும், சுத்தியல் மணியில் அடிக்கும். டங், டங் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். காவல்காரருக்கு அந்தச் சத்தம் பெரிதல்ல. அது நின்றால்தான் விழித்துக்கொள்வார்: மேலே எங்கோ கரை உடைந்துவிட்டது, அல்லது அடைத்துக்கொண்டது. மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம், இரவு முழுக்கக் காவல். இன்று பெரும்பாலான தோட்டங்களுக்குக் குழாயும் தெளிப்பானும் வந்துவிட்டன. (இத்தாலியின் ஆப்பிளில் ஏறக்குறைய பாதி இந்த மாகாணத்தில்தான் விளைகிறது. அவ்வளவு தண்ணீர் வேண்டும்.) ஆனாலும் பல வாய்க்கால்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கரையோரப் பாதைகளில் ஏற்றமும் இறக்கமும் குறைவு, முழங்கால் வலிக்காரர்களும் நடக்கலாம். மார்லிங் வாய்க்கால் பாதை நீளமானது, பேர்போனது, கூட்டமும் அதிகம். ஷ்லூடர்ன்ஸ் ஊர் அருங்காட்சியகத்தில் வாய்க்கால் முறையை விரிவாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நடந்தால் எல்லாம் புரியும். மரபான பாசன முறைகளை யுனெஸ்கோ 2023-இல் தொட்டறிய முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இத்தாலி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உட்பட ஏழு நாடுகள் சேர்ந்து கேட்டு வாங்கிய இடம் அது.

வின்ஷ்காவின் மேல்பகுதியில்தான், என் கணிப்பில், மாகாணத்தின் மிக உயிர்ப்பான சடங்குகள் இருக்கின்றன. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் ஞாயிறு இரவில் வட்டு எறிவார்கள். நடுவில் துளையிட்ட சிறு மரவட்டுகளை நெருப்பில் காட்டுவார்கள். அவை தணலாகச் சிவந்ததும் நீண்ட குச்சியின் நுனியில் செருகிச் சுழற்றி, மேட்டிலிருந்து இருட்டுக்குள் வீசுவார்கள். ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு பாட்டு, அது யாருக்கென்று ஒரு பெயர். காதலிக்கு, ஊர்த்தலைவருக்கு, வம்புக்கு இழுக்க நினைத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று எதுவும் இருக்கும். நன்றாகப் பறந்த வட்டு சிவப்புக் கோடாக வளைந்து போய்ப் பள்ளத்தில் விழும். கூடவே, வைக்கோல் சுற்றிய பெரிய கம்பத்தை நிறுத்திக் கொளுத்துவார்கள். குளிர்காலத்தை எரித்து அனுப்புகிறோம் என்பார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும் நூறு இருநூறு பேரில் பெரும்பாலோர் ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வெளியூர்க்காரர்கள் பனிச்சறுக்குக்குப் போய்விடுகிறார்கள், இந்தப் பக்கம் வருவது குறைவு.

அதே பகுதியில், ப்ராட் ஊரில், தவக்காலத்துக்கு முந்தைய வியாழக்கிழமை வெள்ளை உடுப்பில் காகிதப் பூக்கள் தைத்து, இடுப்பில் கனத்த மாட்டுமணி கட்டி இளைஞர்கள் தெருத்தெருவாக ஓடுவார்கள். மண்ணுக்குள் உறங்கும் விதையை எழுப்பும் ஓட்டம் என்பது அவர்கள் விளக்கம். கொஞ்சம் மேலே, செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டில்ஃப்ஸ் ஊரில், டிசம்பரில் புனித நிக்கோலாஸ் திருநாளை ஒட்டிய சனிக்கிழமை மூன்று கூட்டம் இறங்கும். பலவண்ணத் துணிக்கீற்றுகளும் பெரிய மணிகளும் சுமந்த 'கழுதைகள்' ஒன்று, நிக்கோலாஸோடு வரும் வெள்ளை உடுப்புக்காரர்கள் ஒன்று, சங்கிலியும் கொம்புமாகப் பேய்கள் ஒன்று. ஊர்ச் சந்துகள் அகலம் குறைந்தவை. மணிக்காரர்கள் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

வின்ஷ்காவில் பார்க்க வேண்டிய பழைய இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாட்டுர்ன்ஸ் ஊரில் ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவே புனித புரோகுலஸின் சிற்றாலயம் இருக்கிறது. உள்ளே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சுவரோவியம். அதில் ஒருவர் கயிற்றில் உட்கார்ந்து ஊஞ்சலாடுவதுபோல் இருப்பார். நகரச் சுவரிலிருந்து கயிறு கட்டி இறக்கித் தப்பவைத்த காட்சி என்கிறார்கள். பவுல் என்பார் சிலர், புரோகுலஸே என்பார் சிலர். பக்கத்தில் ஒரு மாட்டுமந்தையும் வரிசையாக நடந்து வரும். மால்ஸுக்கு மேலே 1,340 மீட்டர் உயரத்தில் மரியன்பெர்க் மடம். அதன் நிலவறைக் கோயிலில் 12-ஆம் நூற்றாண்டு தேவதூதர்கள், நேற்றுத் தீட்டியதுபோன்ற நீலத்தில். 1980-இல்தான் அவை முழுதாக வெளிப்பட்டன. க்ளூர்ன்ஸ் என்ற மதில்சூழ் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. ஆனாலும் நகரம் என்ற அந்தஸ்து உண்டு. எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தில் இருக்கும் முஸ்டாயர் மடத்துக்கும் பேருந்தில் போய்வரலாம். கரோலிங்கிய அரசர்கள் காலத்து (8, 9-ஆம் நூற்றாண்டு) சுவரோவியங்களுக்காக 1983-லேயே யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆனது.

ஏரிக்கு நடுவே தேவாலயக் கோபுரம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் படம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கிரௌன் ஊர். 1950-இல் மின்சாரத்துக்காக அணை கட்டி நீரை உயர்த்தியபோது, வீடுகளை இடித்து ஊரை மூழ்கடித்தார்கள். 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரம் மட்டும் தப்பியது. குளிர்கால இரவில் நீருக்கடியில் மணி கேட்கும் என்று ஒரு கதை உலவுகிறது. மணிகளை நீர் நிறைவதற்கு முன்பே இறக்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். இப்போது அந்த இடம் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தின் பிடியில். போனால் கோபுரத்தோடு நிறுத்தாமல் ஊரை இழந்தவர்களின் கதையையும் படித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து ஆடுகள். வின்ஷ்காவிலிருந்து வடக்கே பிரியும் ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கு, மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவின் ஓட்ஸ் பள்ளத்தாக்கில் மேய்ச்சல் உரிமை இருக்கிறது. 1415-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அது பதிவாகியிருக்கிறது. 1919-இல் நடுவே நாட்டு எல்லை விழுந்தது, ஆனால் உரிமை போகவில்லை. ஜூனில் சில ஆயிரம் ஆடுகள் பனிப்பரப்பையும் கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரக் கணவாய்களையும் தாண்டி அந்தப் பக்கம் போகும், செப்டம்பர் நடுவில் திரும்பும். ஜூன் மாதத்தில்கூட மேலே பனி கொட்டலாம். குட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேய்ப்பர்கள் நடப்பார்கள். இப்படிப் பருவத்துக்கேற்ப மந்தை இடம்பெயரும் வழக்கத்தை யுனெஸ்கோ 2019-இல் பட்டியலில் சேர்த்தது. செப்டம்பரில் ஆடுகள் இறங்கும் நாளில் கீழே விழா, இசை, சாப்பாடு எல்லாம் உண்டு; கூட்டமும் உண்டு. அதனால் அதைக் காட்சி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இசையை நிறுத்தினாலும் ஆடுகள் இறங்கத்தான் வேண்டும்.

அந்தக் கணவாய்களுக்குப் பக்கத்தில்தான், 3,210 மீட்டர் உயரத்தில், 1991 செப்டம்பர் 19 அன்று மலையேற்றத்துக்கு வந்த ஒரு ஜெர்மன் தம்பதி பனிக்குள் ஓர் உடலைக் கண்டார்கள். சமீபத்தில் இறந்த மலையேறி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பார்த்தால் 5,300 ஆண்டுப் பழமை. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரியாவா இத்தாலியா என்று தகராறு வந்து அளந்து பார்த்ததில், எல்லைக்கோட்டிலிருந்து 92.56 மீட்டர் இத்தாலிக்குள் கிடந்திருக்கிறார். இப்போது போல்சானோ தொல்லியல் அருங்காட்சியகத்தில், மைனஸ் 6 டிகிரி குளிரில், சிறு சன்னல் வழியே பார்க்கலாம். உடலைவிட அவர் உடைமைகளுக்கு அதிக நேரம் கொடுங்கள் என்பேன்: செம்புக் கோடரி, ஆட்டுத்தோல் உடுப்பு, கரடித்தோல் தொப்பி, வேலை முடியாத வில். இடது தோளில் அம்புமுனை இருப்பதை 2001-இல்தான் கண்டுபிடித்தார்கள். கொலை. வரிசை நீளம், முன்பதிவு செய்துவிடுங்கள்.

முகமூடிக்கு வருகிறேன். வீடியோக்களில் நீங்கள் பார்த்த கொம்புக்காரர் க்ராம்புஸ். டிசம்பர் 5 மாலை நிக்கோலாஸோடு வருபவர். நல்ல பிள்ளைக்கு அவர் பரிசு தருவார், கெட்ட பிள்ளைக்கு இவர் பிரம்பு. இன்று பெரிய ஊர்வலங்களில் தடுப்பு வேலி, ஒளி, ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிட்டன. முகமூடிகள் சினிமா அரக்கர்களைப் போல ஆகிவருகின்றன. செதுக்குபவரின் கைத்திறன் குறையவில்லை, ஆனால் மனித முகத்தின் சாயல் போய்விட்டது. எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. டோப்லாக் ஊரில் நடப்பது பெயர்பெற்றது, பார்க்கலாம்.

அதைவிட நான் சிபாரிசு செய்வது ட்ராமின் ஊரின் எகெட்மன் ஊர்வலம். ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை நடக்கும். 1591-லேயே குறிப்பு இருக்கிறது. மாப்பிள்ளை எகெட்மன் ஒரு பொம்மை, கோட்டு சூட்டோடு வண்டியில் வருவார். மணப்பெண் வேஷத்தில் ஓர் ஆண். மரபுப்படி ஊர்வலத்தில் பங்கெடுப்பவர்கள் எல்லோரும் ஆண்கள்தான். ஊர் நீரூற்றுகளில் நின்று, ஊரையே கேலி செய்யும் கல்யாண அறிக்கையை வாசிப்பார்கள். பின்னால் ஆளுயரத்தைத் தாண்டிய ரோமப் பூதங்கள் மரத்தாடையை 'டப் டப்' என்று அடித்துக்கொண்டு வரும். கசாப்புக்காரர் வேஷக்காரர் அதில் ஒன்றை வெட்டிச் சாய்ப்பார். பார்க்க நிற்பவர்களுக்கும் கரி பூசுவார்கள், இன்னும் எதையெல்லாமோ வீசுவார்கள். துவைத்தால் போகும் துணி போட்டுக்கொண்டு போங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த முகமூடிகளைப் பற்றி எதைப் படித்தாலும் 'கிறிஸ்தவத்துக்கு முந்தைய, ஆயிரக்கணக்கான ஆண்டு பழமையான சடங்கு' என்ற வரி வந்துவிடும். சான்று கேட்டால் ஒன்றும் இருக்காது. கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் கடந்த நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்குள்தான். பழமைக் கதைக்கும் ஒரு வரலாறு உண்டு, அது சங்கடமானது. 1940-இல், மக்களை ஜெர்மனிக்குக் குடிபெயர்க்கும் திட்டத்தோடு, நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பின் ஆய்வுப் பிரிவு ஒன்று இங்கே வந்து இறங்கியது. வீடுகள், வழக்கங்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் பதிவு செய்தது. ஆல்ஃப்ரெட் குவெல்மால்ஸ் என்ற இசை ஆய்வாளர் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள் எடுத்தார். அவர்கள் தேடியது கலப்பற்ற ஆதி ஜெர்மானியப் பண்பாடு, அதனால் எதைக் கண்டாலும் அதிலேயே போய் முடிந்தது. குரூரமான வேடிக்கை என்னவென்றால், தெற்கு டிரோல் நாட்டுப்புற இசைக்கு இன்றைக்கும் தவிர்க்க முடியாத ஆவணம் அந்தப் பதிவுகள்தான். பாட்டை எடுத்துக்கொள்ளலாம். அதோடு ஒட்டிவந்த விளக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

லாடின் பக்கம் போனால் கதையே வேறு. ஜெர்மனும் இல்லாமல் இத்தாலியனும் இல்லாமல், லத்தீனின் மலைக்கிளையான தங்கள் மொழியோடு கார்தேனா, பாடியா பள்ளத்தாக்குகளில் 20,000 பேர் அளவில் வாழ்கிறார்கள். எல்லைக் கோடுகளால் பிரிந்த மற்ற லாடின்கள் பக்கத்து மாகாணங்களில் இருக்கிறார்கள். இவர்கள் பள்ளிகளில் பாதி ஜெர்மன், பாதி இத்தாலியன், கூடவே லாடின். பாடியாவில் 'வீலெஸ்' எனப்படும் குடியிருப்புகளைப் பாருங்கள். சரிவில் ஐந்தாறு பண்ணைவீடுகள் நெருங்கி நிற்கும். தண்ணீர்த் தொட்டியும் ரொட்டி அடுப்பும் எல்லோருக்கும் பொது. லோஞ்சியாரூ பக்கம் ஓடையோரமாக வரிசையாக நீராலைகள், சில இன்னும் ஓடும் நிலையில். சான் மார்ட்டின் ஊர்க் கோட்டையில் இருக்கும் லாடின் அருங்காட்சியகம் 2001-இல் திறந்தது; ஒரு முழுக் காலைப்பொழுது கேட்கும்.

லாடின்களின் பழங்கதைகளில் பெரியது ஃபானெஸ் அரசின் கதை. மர்மோட் என்ற மலை அணில்களோடு உறவு பூண்ட ஒரு குலம், அந்த ரகசியத்தை மறைத்ததால் அழிந்துபோனது. போல்சானோவுக்கு மேலே தெரியும் ரோஜாத்தோட்ட மலைக்கு வேறொரு கதை. தோல்வியுற்ற குள்ள அரசன் லவுரின் தன் ரோஜாக்களைப் பகலிலும் யாரும் பார்க்கக் கூடாது, இரவிலும் பார்க்கக் கூடாது என்று சபித்தான், அந்திப்பொழுதை மட்டும் மறந்துவிட்டான். அதனால்தான் மாலையில் அந்தப் பாறை சிவக்கிறது. அந்த மலையும் அடங்கிய டோலமைட் மலைத்தொடர் 2009-இல் உலக இயற்கை மரபுச் சின்னம் ஆனது. இந்தக் கதை சுற்றுலாக் கையேடுகளில் எல்லாம் ஏறிவிட்டது. இருந்தாலும் நல்ல கதை.

கார்தேனா பள்ளத்தாக்கு மரச்சிற்பத்துக்குப் பேர்போனது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து குளிர்கால வேலையாக வளர்ந்து, மூட்டு அசையும் மரப்பொம்மைகள் ஐரோப்பா முழுக்க விலைபோயின. பிறகு தேவாலயச் சொரூபங்கள். இன்று கடைகளில் இருப்பதில் பெரும்பகுதி இயந்திரம் செதுக்கியது. கையால் செய்தது வேண்டுமென்றால் கேட்டு, சான்று பார்த்து வாங்குங்கள். விலையே சொல்லிவிடும்.

பாடியா ஆண்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஜூனில் மலைகளைத் தாண்டி சேபென் பாறைமடத்துக்கு நடைப்பயணம் போவார்கள். மூன்று நாள், பாட்டும் செபமுமாக. நாம் கலந்துகொள்ளும் விஷயம் அல்ல. வழியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று வழிவிடலாம். சேபென் தனியாகவே பார்க்கத் தகுந்தது. ஒரு காலத்தில் ஆயரின் இருக்கை, பின்னாளில் கன்னியர் மடம்; கடைசிக் கன்னியர்கள் 2021-இல் விடைபெற்றுப் போனார்கள்.

கோட்டை, தேவாலயங்களில் மூன்று போதும். போல்சானோ விளிம்பில் ருங்கெல்ஸ்டைன். 1385-இல் வணிகச் சகோதரர்கள் வாங்கி, சுவர் முழுக்க வீரர்களும் காதலர்களும் விளையாட்டுகளுமாக வரையவைத்தார்கள். பிரபுக்களாகத் தெரிய ஆசைப்பட்ட பணக்காரர்களின் வரவேற்பறை அது. அடுத்து ஹோகெப்பன் கோட்டைச் சிற்றாலயம். 1200-ஐ ஒட்டிய ஓவியத்தில், மாதா குழந்தையோடு படுத்திருக்க, கீழே ஒரு பெண் வாணலியிலிருந்து உருண்டை ஒன்றை எடுத்து ருசி பார்க்கிறாள். டிரோலின் க்னோடல் உருண்டைக்குக் கிடைத்த முதல் சாட்சி என்று பெருமையோடு காட்டுவார்கள்.

மூன்றாவது பிரிக்சன் பேராலயத்தின் சுற்றுத்தாழ்வாரம். அங்கே 15-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒருவர் போர்யானை வரைந்திருக்கிறார். யானையைப் பார்த்ததே இல்லை என்பது உடனே தெரியும்: குதிரை உடம்பு, குதிரைக் கால், மூக்குக்குப் பதில் ஒரு குழல். சில பத்தாண்டுகள் கழித்து, 1551 குளிர்காலத்தில், நிஜ யானையே அந்த ஊருக்கு வந்தது. போர்த்துகீசியர் ஆசியாவிலிருந்து லிஸ்பனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆஸ்திரிய இளவரசருக்குப் பரிசாக அனுப்பிய சோலிமான் என்ற யானை, வியன்னாவுக்கு நடந்துபோகும் வழியில் ஏறக்குறைய இரண்டு வாரம் பிரிக்சனில் தங்கியது. தங்கிய சத்திரம் யானைப் பெயரோடு இன்றும் விடுதியாக நடக்கிறது. பனிக்காலத்தில் பிரென்னர் கணவாயை ஏறிய அந்த ஜீவனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

நம் பக்கத்து இன்னொரு பிராணியும் அங்கே தட்டுப்படும். போல்சானோவுக்கு வடக்கே சார்ன் பள்ளத்தாக்கில், மயிலிறகின் தண்டை நூல்போல் கிழித்து, அந்த வெள்ளை இழையால் தோல் இடைவார்களில் பூவேலை செய்கிறார்கள். ஓர் இடைவார் முடிய நாள் கணக்கில் ஆகும். அதனால்தான் அது கல்யாணப் பரிசு, பரம்பரைச் சொத்து.

இனி, காட்சிக்கு என்று சொல்லத் தக்கவை. போல்சானோ கிறிஸ்துமஸ் சந்தை பழங்காலத்தது போலத் தோன்றும், 1991-இல் தொடங்கியது. ஓஸ்வால்ட் என்ற இடைக்காலக் கவிஞரின் பெயரில் நடக்கும் குதிரைப் போட்டி 1980-களின் படைப்பு. காஸ்டெல்ரூட் ஊரின் பனிக்காலக் குடியானவர் கல்யாணம், பழைய கல்யாணத்தை உடை உடுத்தி நடித்துக் காட்டுவது. இவற்றில் உடைகள் மட்டும் அசல், பெட்டியிலிருந்து எடுத்த பாட்டியின் உடைகளாகவே இருக்கும். இலையுதிர்காலத்தில் புதுத் திராட்சை மதுவும் சுட்ட கஷ்கொட்டையும் வைத்து நடக்கும் டோர்கெலன் விருந்து அசலானது. ஆனால் பெரிய கூடத்தில் பேருந்துக் கூட்டத்தோடு உட்கார்ந்தால் அதன் ருசி தெரியாது. ஐசாக் பள்ளத்தாக்கில், தாங்களே பயிரிட்டுப் பிழியும் பண்ணைவீடு எதையாவது தேடி, நவம்பரில் போங்கள்.

தேதியைப் பார்த்தாலே கொஞ்சம் பிடிபடும். திருச்சபை நாட்காட்டிப்படி வாரநாளில் விழுந்தாலும் வேலையை நிறுத்திவிட்டுச் செய்கிறார்களா? அப்படியானால் அது அவர்களுக்கானது. முழுக்கச் சரியான அளவுகோல் இல்லை, ஸ்டில்ஃப்ஸே சனிக்கிழமையில்தான் நடக்கிறது.

இவ்வளவும் எப்படித் தப்பியது என்றால், மொழிப்பற்றோடு நிலச்சட்டமும் ஒரு காரணம் என்பேன். அங்கே பண்ணையைப் பங்கு போட முடியாது, ஒரு வாரிசுக்கு முழுதாகப் போகும். இத்தாலிய ஆட்சி 1929-இல் இதை ஒழித்தது. மாகாணம் 1954-இல் மீட்டுக்கொண்டது. 200 ஆண்டு ஒரே குடும்பத்தின் கையில் இருந்தால் பண்ணைக்குத் தனிப் பட்டயமே உண்டு. மற்ற பிள்ளைகளுக்கு நியாயமா என்பது வேறு கேள்வி. ஆனால் மலைமேல் ஆள் இருந்தால்தானே நெருப்பு மூட்ட முடியும்? புரூனெக் அருகே டீட்டன்ஹைம் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பண்ணைவீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

போல்சானோவில் அரைநாள் ஒதுக்கி, முசோலினி கால வெற்றிச் சின்னத்தின் நிலவறைக் கண்காட்சியைப் பாருங்கள். அப்புறம் நீதிமன்றச் சதுக்கத்துக்கு நடந்து போங்கள். குதிரைமேல் முசோலினி இருக்கும் பெரிய புடைப்புச் சிற்பத்தை இடிக்காமல் விட்டுவிட்டு, 2017-இல் அதன் குறுக்கே அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட்டின் வரியை மூன்று மொழியிலும் ஒளிரவிட்டார்கள்: "கீழ்ப்படிய எவருக்கும் உரிமை இல்லை." இருட்டிய பிறகு போனால் நன்றாகத் தெரியும்.

மாதம் எது என்றால், என் தேர்வு செப்டம்பர் நடுப்பகுதி: ஆடுகள் இறங்கும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும், லாடின் பக்கம் கூட்டம் குறையத் தொடங்கியிருக்கும். கோடையில் விபத்தில்லாமல் மேய்ந்து திரும்பிய மாடுகள் பூமுடியோடு இறங்குவதும் அப்போதுதான். முகமூடிதான் முக்கியம் என்றால் ஒற்றைப்படை ஆண்டு ஒன்றில் தவக்காலத்துக்கு முந்தைய வியாழன் ப்ராட், செவ்வாய் ட்ராமின், அடுத்த ஞாயிறு மேல் வின்ஷ்காவில் வட்டு எறிதல் என்று பதினொரு நாளில் மூன்றும் அடங்கும்; உங்கள் பத்து நாளோடு ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஈஸ்டர் தேதியைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள், ஆண்டுக்காண்டு நகரும். பெரும்பாலான விடுதிகளில் தங்குபவர்களுக்குப் பேருந்து, ரயில் அட்டை இலவசம்; அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள்.